ஒரு கேள்வி மட்டுமே காவல்

அமெரிக்கப் பேரங்காடிகளில் தூண்டிலும் கூடாரமும் விற்கும் பகுதியிலேயே துப்பாக்கி ரவைகளும் விற்பனையாகின்றன. "ரைபிளுக்கா, கைத்துப்பாக்கிக்கா?" என ஊழியர் வினவினால் வாங்க வந்தவருக்குச் சினம் மூள்கிறது. காசு கொடுப்பவரை விசாரிப்பதா என்பது அவரது முறைப்பாடு.

ஆனால் அக்கேள்வியைக் கேட்க வைப்பது சட்டம். 1968ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டப்படி, உரிமம் பெற்ற வணிகர் ரைபிள் ரவையை 18 வயதுக்குட்பட்டோருக்கும், கைத்துப்பாக்கி ரவையை 21 வயதுக்குட்பட்டோருக்கும் விற்கலாகாது. 0.22 அங்குல ரவையோ இரண்டுக்கும் பொருந்தும். 19 வயது இளைஞன் "ரைபிளுக்கு" என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்புவதா என்பதை ஊழியரே தீர்மானிக்க வேண்டும். சாதாரண ரவை விற்பனையைப் பதிவுசெய்யும் கட்டாயத்தையும் சமஷ்டிச் சட்டம் 1986இல் நீக்கிவிட்டது. சில மாநிலங்களே கடுமையான விதிகளை வகுத்துள்ளன.

எல் பாசோ நகரிலுள்ள வால்மார்ட் அங்காடியில் 2019 ஓகஸ்டில் நடந்த தாக்குதல் 23 உயிர்களைப் பறித்தது. அடுத்த மாதமே அந்நிறுவனம் கைத்துப்பாக்கி ரவை விற்பனையைக் கைவிடுவதாக அறிவித்தது. மாறியது ஒரு நிறுவனத்தின் கொள்கை. 1968இன் வயது விதி அன்று மாறவில்லை.

சட்டமியற்றுவோர் சுமக்க வேண்டிய பொறுப்பை மணிக்கணக்கில் கூலி பெறும் ஊழியரின் தலையில் ஏற்றிவிட்டு, அவர் கேள்வி கேட்பதையே குற்றமெனக் கொள்வது என்ன நியாயம்?