செங்கம்இல் இருந்து

போன மாதம் செங்கத்தில் தங்கை வீட்டில் இருந்தேன். அங்கிருந்து பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போக, கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து பஸ்ஸில் இடம் பார்த்தேன். மொழியைத் தமிழில்தான் வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியன் வேறு எதில் வைப்பான்? ‘செங்கம்இல் இருந்து பெங்களூர்க்கு 1 இருக்கைகள்’ என்று வந்தது. அடியில் பச்சைப் பொத்தானில் ‘புத்தகம்’.

எட்டிப் பார்த்த தங்கை, “என்னண்ணா, டிக்கெட் கேட்டா புத்தகம் விக்கிறான்?” என்றாள். சிரித்தோம். ஆனால் எட்டாவதோடு நின்ற அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தனியாக இருந்திருந்தால் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கவே மாட்டாள்.

திருவண்ணாமலை திரும்பியதும் பழைய சக ஆசிரியரிடம் சொன்னேன். “கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஒத்துவராது சார், இங்கிலீஷ்லயே வச்சுக்குங்க” என்றார். கூட இருந்த இன்னொருவர் மொழிபெயர்த்தவனைத் திட்டினார். இரண்டும் தப்பு.

நான் ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தவன். மொழிபெயர்ப்பவன் கைக்குப் பல நேரம் செயலியே வராது, ஒரு கோப்புதான் வரும். ஆங்கில வரி, அதன் கீழே தமிழுக்குக் காலி இடம், அவ்வளவுதான். நிரப்பிக் கொடுத்ததைப் பொதியாகக் கட்டி மென்பொருளோடு அனுப்புவார்கள். செயலி ஓடும்போது ஆங்கில வரிக்கு ஈடான தமிழ் வரியை அந்தப் பொதியிலிருந்து எடுத்துக் கொடுக்க ஒரு நிரல் நூலகம் இருக்கிறது. 1990களிலிருந்து லினக்ஸ் உலகில் புழங்கும் குனூ கெட்டெக்ஸ்ட் அப்படிப்பட்டது.

அதில் என்ன வசதி இல்லை? ‘புக்’ என்பது பெயரா வினையா என்று வரியோடு சூழல் குறிப்பு வைக்கலாம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ் தரலாம். ஒருமை பன்மைக்கு ஒவ்வொரு மொழியும் தன் விதியைக் கோப்பின் தலையிலேயே எழுதிவிடலாம். தமிழுக்கு இரண்டு வடிவம், அரபிக்கு ஆறு. ஆறையே சமாளிக்கிறது, நம்முடைய ‘1 இருக்கை’ அதற்கு ஒரு பாரமா?

வேற்றுமை உருபு மட்டும் நிஜமான சிக்கல். ஆரணி ஆரணியில் ஆகும், போளூர் போளூரில் ஆகும், செங்கமோ செங்கத்தில் ஆகும். இதை கெட்டெக்ஸ்ட் தானாகச் செய்யாது. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் மொழிபெயர்ப்பவன் ‘புறப்படும் ஊர்: செங்கம்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்வான். நிரல் எழுதுகிறவர் ‘ஃப்ரம்’ தனியாக, ஊர் தனியாக, ‘டு’ தனியாக நறுக்கிக் கொடுத்தால் அகத்தியரே வந்தாலும் ‘இல் இருந்து’ என்றுதான் எழுத முடியும். ஆங்கிலத்தில் ஒட்டிப் பார்த்தால் சரியாக நிற்கிறது, அதனால் அவருக்குக் குறையே தெரிவதில்லை. அவர் தமிழராகவே இருந்தாலும், தன் செயலியை ஒரு தடவை தமிழில் திறந்து பார்த்திருப்பாரா?

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தப்பைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். பிறகு கம்பெனிக்காரன், தமிழில் யாரும் பார்ப்பதில்லை என்று கணக்குக் காட்டுகிறான்.

அந்தச் செயலிக்காரர்களுக்கு எழுதினேன். எந்த வரியை எப்படி முழுசாகத் தர வேண்டும் என்று மூன்று உதாரணமும் வைத்தேன். பதில் இல்லை. நேற்றுத் திறந்து பார்த்தேன்: ‘புத்தகம்’ போய் ‘முன்பதிவு’ வந்திருக்கிறது. செங்கம் அப்படியேதான் இருக்கிறது. இன்று மறுபடி எழுதியிருக்கிறேன்.