ஒப்புதலா, மைக்கறையா?

ஆடுதுறை ஆய்வு நிலையத்துப் புதுநெல் வந்தால் தஞ்சை உழவர் வாளா இரார். "எத்தனை நாள் பயிர்? குறுவைக்கு ஏற்குமா?" என வினவுவார், ஒரு வயலில் புதியதும் மறுவயலில் பழையதும் இட்டு ஒப்பிடுவார். மருந்தாய்வின் அடிப்படையும் அதுவே.

ஆயின், அவர் உடலையே ஆய்வுக்களமாக்கும் ஒப்புதல் தாளில் 'ரேண்டமைசேஷன்', 'பிளாசிபோ' என அயலொலிகள் நிறைந்தால் அவர் எதற்கு ஒப்புகிறார்? சீட்டுக் குலுக்கிப் பிரித்தல், வெற்று மருந்து என்றால் எழுத்தறியாப் பாட்டியும் உணர்வார். விரும்பியபோது விலகலாம் என்னும் உரிமையும் தெளிதமிழில் நிற்க வேண்டாவா? பங்கேற்பவர்க்கு விளங்கும் மொழியையே 2019ஆம் ஆண்டு மருந்தாய்வு நெறிகளும் கேட்கின்றன.

தமிழில் சொல்லில்லையாம்! 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்தாரே!

மருத்துவரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து அத்தாளை எழுதுக. புரியாமல் வைத்த கைந்நாட்டு ஒப்புதலன்று, வெறும் மைக்கறை!