காதைப் பொத்திக்கொண்டு வாழச் சொல்லாதீர்கள்

சாப்பாட்டுக் கோப்பையில் கரண்டி உரசும் சத்தம், பக்கத்து வீட்டு கிரைண்டர், பஸ் நிலையத்து ஹோர்ன், பின்னேரம் ஒழுங்கைக்குள் பேத்தோவனின் பியானோ மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வரும் சூன்பாண் ஆட்டோ. இவற்றில் ஏதோ ஒன்று காதில் விழுந்ததும் உடம்பு விறைத்து, நெஞ்சு படபடத்து, எழுந்து ஓடவேண்டும் போலிருக்கும் மனிதர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள். குழந்தை காதைப் பொத்தினால் தூக்கி அணைக்கிறோம். நாற்பது வயதுக்காரர் பொத்தினால் அவருக்குக் கிடைப்பது இரண்டு பதில்களில் ஒன்று: "உங்களுக்கு நரம்புத்தளர்ச்சி", அல்லது "காதுக்குள்ள பஞ்சை வையுங்கோ".

இரண்டும் பிழை. துறைமுகப் பகுதியில் இயங்கும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: சத்தம் பொறுக்கவில்லை என்று வளர்ந்த ஒருவர் சொன்னால் அதை உடல்நலக் குறைபாடாக எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அன்றாடச் சத்தத்துக்குக் காதை அடைத்து வாழும்படி அவருக்கு ஆலோசனை சொல்லக்கூடாது. சத்தத்தைக் கட்டுப்படுத்த நாட்டில் ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை இந்த ஊரிலும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

சத்தம் பொறுக்காமை என்பது ஒரே நோயல்ல. ஹைப்பராக்கூசிஸ் உள்ளவருக்கு எல்லா ஒலியும் உள்ளதைவிடப் பெரிதாகக் கேட்கும். சிலருக்குக் காது நோகவும் செய்யும். பெரும்பாலானோருக்குச் சத்தம் தாங்கமுடியாமல் போவது ஏறக்குறைய 100 டெசிபெல்லில்தான். இக்குறை உள்ளவர்களில் சிலருக்கு இருவர் இருந்து கதைக்கும் 60 டெசிபெல்லே போதும். பெருஞ்சத்தத்தில் வேலை செய்து காது கெட்டவர்கள், காது இரைச்சல் உள்ளவர்கள், தலையில் அடிபட்டவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் எனப் பலருக்கும் இது வரலாம். முகவாதம் வந்தவருக்கும் வரலாம். உடம்பின் மிகச் சிறிய எலும்பு நடுக்காதில் இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் தசையும் உடம்பிலேயே மிகச் சிறியது. பெருஞ்சத்தம் கேட்டதும் அந்தத் தசை இறுகி எலும்பின் அதிர்வைக் குறைக்கிறது. அதற்கான கட்டளை முகநரம்பு வழியாக வருவதால், முகம் ஒரு பக்கம் கோணியவருக்கு அந்தப் பக்கக் காதில் சத்தம் கூடுதலாகக் கேட்கலாம். அவரை நரம்புத்தளர்ச்சிக்காரர் என்று திருப்பி அனுப்பினால் நோயையே தவறவிடுகிறோம்.

மிசோபோனியா வேறு. அந்தப் பெயரை 2001இல் வைத்தவர்கள் ஜாஸ்ட்ரெபோஃப் தம்பதியர். இதில் சத்தத்தின் அளவு முக்கியமில்லை. மெல்லுவது, உறிஞ்சுவது, மூச்சுவிடுவது, பேனையைத் தட்டுவது என்று குறிப்பிட்ட சில ஒலிகளே கோபத்தையும் அருவருப்பையும் கிளப்பும். பெரும்பாலும் வீட்டில் மிக நெருங்கியவரின் சத்தம்தான் தாங்காது. அதனால் குற்றவுணர்வும் கூட வரும். பிரித்தானியாவின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் சுக்பீந்தர் குமாரும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு மழைச்சத்தம், குழந்தையின் அழுகை, சாப்பிடும் சத்தம் எல்லாவற்றையும் கேட்கவிட்டு மூளையைப் படம் பிடித்தார்கள். அழுகைக்கு மற்றவர்களைப் போலவே இருந்த மூளை, மெல்லும் சத்தத்துக்கு மட்டும் இன்சுலா என்ற பகுதியில் அளவுக்கு மீறித் துடித்தது. இதயத் துடிப்பும் ஏறியது. ஆகவே "வேணுமெண்டு செய்யிறார்" என்று வீட்டார் சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது வகையை இந்த மாவட்டத்தில் விளக்கவே தேவையில்லை. சீனவெடி வெடித்ததும் நிலத்தில் குந்திவிடும் ஐம்பது வயதுக்காரரின் காதில் குறையிருக்க வேண்டுமென்பதில்லை. அவர் கேட்பது போர்க்காலத்துப் பழைய ஷெல் சத்தம். அவருக்குத் தேவை உளநல வைத்தியம். அதற்கும் முதலில் காதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அதே ஷெல் காதையும் கெடுத்திருக்கலாம்.

பஞ்சு விடயத்தில் சங்கம் இவ்வளவு உறுதியாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் கிரெய்க் ஃபார்ம்பியும் சக ஆய்வாளர்களும் 2003இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். நல்ல காதுள்ள சிலரை இரண்டு வாரம் நாள் முழுக்கக் காதடைப்பானோடு இருக்கவைத்தார்கள். வேறு நேரத்தில், மெல்லிய இரைச்சலை இடைவிடாமல் தரும் சிறு கருவியைக் காதில் மாட்டிவிட்டார்கள். காதை அடைத்தபோது ஒலியுணர்வு கூடியது. இரைச்சலோடு இருந்தபோது பொறுமை கூடியது. அடைக்கப்பட்ட காதுக்காக மூளை தன் ஒலியளவைத் தானே கூட்டிக்கொள்கிறது. நோவுக்குப் பயந்து பஞ்சு வைப்பவர், பஞ்சால் நோவை வளர்த்துக்கொள்கிறார்.

பிறகு என்ன செய்வது? காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போவதுதான் முதல் படி. அங்கே ஹெட்போன் மாட்டி, ஒலியைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் தாங்கவில்லை என்று கை காட்டச் சொல்லலாம். கேட்கும் திறன் நன்றாக இருப்பதாக அறிக்கை வந்தாலும் இந்தக் குறை இருக்கலாம் என்பதை நோயாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிறகு மெல்லிய, சீரான ஒலியோடு நாளின் ஒரு பகுதியைக் கழித்து, கிழமைகள் மாதங்களாக அதைக் கூட்டிக்கொண்டு போவது. மின்விசிறியின் சத்தம் போதும். உட்துறைமுகத்தில் நீர் அசையாது. ஆனால் டச்சுக் குடாவிலும் உப்புவெளியிலும் அலை ஓயாமல் அடிக்கும். அந்தச் சீரான இரைச்சல் இதற்கு நன்றாகப் பொருந்தும், காசும் கேட்காது. மிசோபோனியாவுக்கு ஆம்ஸ்டர்டாமில் 54 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், சிந்தனை–நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். எல்லோருக்கும் குணம் என்று சங்கம் வாக்குக் கொடுக்காது. ஒன்றும் செய்யமுடியாது என்று கைவிரிப்பதையும் ஏற்காது.

இந்தச் சிகிச்சையைச் சொந்த மொழியில் பெற வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புல விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே பயின்று வெளிவருவோரில் தமிழ் பேசுவோரைக் கிழக்கு மாகாண வைத்தியசாலைகளுக்கு நியமிக்கும்படி சங்கம் கேட்கிறது. "காது கூசுது", "உச்சியில அடிக்குது" என்பதை மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லி முடியாது.

காதடைப்பான் கட்டாயம் வேண்டிய இடமும் உண்டு. மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, ஐஸ் உடைக்கும் இடம், எஞ்சின் போட் ஆகியவற்றில் வேலை செய்வோர் அதை அணியத்தான் வேண்டும். 85 டெசிபெல்லில் எட்டு மணிநேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபெல்லில் ஒரு மணிநேரம் மட்டுமே. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். டைனமைற் போட்டு மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடைசெய்கிறது. செத்த மீனைப் பொறுக்கத் தண்ணீருக்குள் இறங்குபவரின் காதை அடுத்த வெடி கெடுத்துவிடும் என்பதும் அந்தத் தடையை இறுக்கமாகக் காப்பதற்கு ஒரு காரணம்.

இனிச் சட்டம். 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் நகர எல்லைக்குள் பகலில் 63, இரவில் 50 டெசிபெல் என்று வரம்பு வைக்கின்றன. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அமைதி வலயம். அங்கே பகலில் 50, இரவில் 45. வெலிகமவிலிருந்து போன ஒரு வழக்கில், 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கொடுக்கக்கூடாது என்று பணித்தது. மற்ற நேரத்திலும் சத்தம் ஒலிபெருக்கி வைத்த வளவுக்கு வெளியே போகக்கூடாது.

சங்கம் எந்த மதத்தின் வழிபாட்டுக்கும் எதிரானதல்ல. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும்போது தவிலும் நாதஸ்வரமும் வேண்டும். பாங்கும் மணியும் பிரித்தும் இந்த ஊரின் ஒலிகளே. சங்கம் கேட்பது, எந்த நாள் எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் வெடி கொளுத்தப்படும் என்பதை முதல்நாளே அறிவிப்பது. எதிர்பார்த்த சத்தத்தைச் சத்தம் பொறுக்காதவர்களால் ஓரளவு தாங்கமுடியும். திடீரென்று வருவதே தாங்காது.

விசேட நிகழ்ச்சிகளுக்கு இரவில் அனுமதி கொடுப்பதென்றால் அயலவரின் கருத்தைப் பொலிஸ் கேட்டறிய வேண்டும் என்றும் அந்த 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்கிறது. அந்தக் கருத்தை எழுத்தில் கொடுக்கலாம். நிகழ்ச்சி எங்கே, ஸ்பீக்கர் பெட்டி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, வீடு எவ்வளவு தூரம், எத்தனை மணிவரை பொறுக்கமுடியும் என்ற விபரம் இருந்தால் போதும். எழுதத் தயங்குபவருக்குச் சங்கம் எழுதிக் கொடுக்கும். பெயரைச் சொல்ல விரும்பாதவருக்காகச் சங்கமே கையொப்பமிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும்.