வலிக்கு முன் ஒளி

பல் போனால் சொல் போச்சு என்பதை அறிந்திருந்தும், வலி வந்த பின்னரே நாம் பல் வைத்தியரை நாடுகின்றோம். கண்ணுக்குப் புலப்படாத சூத்தையை முன்னரே காட்ட இன்று ஒளி துணைபுரிகின்றது.

1998ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளிவந்த டயக்னோடென்ற் என்னும் கருவி, 655 நனோமீற்றர் அலைநீளமுடைய சிவப்பு லேசர் ஒளியைப் பல்லின்மீது செலுத்துகின்றது. நலமான பல் அவ்வொளியில் மிகச் சிறிதே ஒளிரும். சூத்தையிலோ, பற்றீரியாக்கள் விளைவிக்கும் போர்பிரின் என்னும் பொருள் அதனை உறிஞ்சித் தானும் ஒளிவிடும். அவ்வொளியின் அளவைக் கருவி 0 முதல் 99 வரையான எண்ணாகக் காட்டும்.

எனினும், எண் மாத்திரமே தீர்ப்பாகாது. பற்காறையும் கறையும் அதனை உயர்த்திவிடக்கூடும். அதை மட்டும் நம்பித் துளைத்தால் நல்ல பல்லும் பழுதாகும். துளைத்த பல் மீண்டும் வளராது. ஆகவே பல்லைத் துப்புரவாக்கி, கண்ணாற் பார்த்து, வேண்டுமாயின் எக்ஸ் கதிர்ப் படமும் எடுத்த பின்னரே வைத்தியர் முடிவு செய்தல் நன்று.

குழி விழுமுன் கண்ட சூத்தையைப் புளோரைட்டினாலும், இனிப்பைக் குறைப்பதாலும், ஒழுங்காகப் பல் துலக்குவதாலும் துளையாமலே தடுத்துவிடலாம். ஆதலின், பிள்ளைகள் பல்வலியால் அழும்வரை காத்திராது, முன்னரே வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக.