ஒப்படைக்கக் கற்ற இயந்திரம்



கடந்த வாரம் கடலாடியிலுள்ள ஒரு கணினி மையத்தில், நமது பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் படங்களைப் பென்டிரைவிலிருந்து கணினியில் ஏற்றக் கொடுத்திருந்தேன். நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஏறிக்கொண்டிருக்க, அதே கணினியில் அங்கிருந்த தம்பி வேறொருவரின் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இரண்டும் எவ்வாறு தடையின்றி நடக்கின்றன என்று வினவினேன். “ஏற்றுகிற வேலையைப் பிராசசர் சுமப்பதில்லை, ஐயா, அதற்கென்று வேறொன்று இருக்கிறது” என்றார்.

வீடு திரும்பிப் படித்தறிந்தேன். தொடக்ககாலக் கணினிகளில் மையச் செயலியே தரவுகளை அட்டையிலிருந்து வாங்கி நினைவகத்தில் வைத்தது. அட்டை படிக்கும் கருவியோ மிக மெதுவானது. காத்திருப்பதிலேயே செயலியின் பொழுது கழிந்தது. 1957இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 709 கணினியில் இப்பணிக்கெனச் ‘சேனல்’ என்னும் தனிப் பகுதிகள் வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 கணினியும் இம்முறையிலேயே இயங்கியது. இன்றைய கணினிகளில் டி.எம்.ஏ. எனப்படும் நேரடி நினைவக அணுகல் அவ்வேலையைச் செய்கிறது.

எங்கிருந்து எடுப்பது, எங்கே வைப்பது, எவ்வளவு என்பவற்றை மட்டும் சொல்லிவிட்டுச் செயலி தன் கணக்கிற்குத் திரும்புகிறது. பணி முடிந்தாலோ பிழை நேர்ந்தாலோ ஒரு குறுக்கீட்டுச் சைகை வரும். அப்போது செயலி கவனிக்கும். பொறுப்பு அதனை விட்டு நீங்குவதில்லை. ஆனால், “முடிந்ததா, முடிந்ததா” என்று இடைவிடாது கேட்டுக்கொண்டிருந்தால், ஒப்படைத்தும் பயனில்லை.

நம் சபைகளில் பெரும்பாலும் நடப்பது அந்தப் பயனற்ற முறையே என்பது என் கருத்து. முதற்குற்றவாளி நானே. ஓர் அறுப்பின் பண்டிகையின்போது ஏற்பாடுகளை வாலிபரிடம் கொடுத்துவிட்டு, பந்தல் முதல் பாத்திரம் வரை நாள்தோறும் விசாரித்தேன். நோயுற்றிருந்த ஒரு தாயாரைக் காணச் செல்வதை மட்டும் நாளை, நாளை என்று தள்ளினேன். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தியே வந்தது. நான் கேளாதிருந்தாலும் பந்தல் எழும்பியிருக்கும்.

காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரித்த மோசேக்கு மாமனார் எத்திரோ உரைத்த ஆலோசனையும் இதுவே. சிறிய வழக்குகளைப் பிறர் தீர்த்தனர். அரியவை மட்டும் மோசேயிடம் வந்தன.

இவ்வாரம் ஒரு பணியை ஒருவரிடம் கொடுப்போம். எது, எங்கே, எவ்வளவு என்று தெளிவாகச் சொல்வோம். இடர் நேர்ந்தால் தயங்காது அழைக்கச் சொல்வோம். பின்பு, நம்மை எதிர்பார்த்திருக்கும் ஒரு வீட்டிற்குப் புறப்படுவோம்.