சத்தம் எங்கிருந்து வருகிறது?

வானொலியில் சேர்ந்த புதிதில் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது: ஹெட்போனில் தேவையில்லாத இரைச்சல் கேட்டால் உடனே ஒலியளவைக் குறைக்கக் கூடாது. அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேட வேண்டும். மைக்கா, வயரா, ஏர்கோனா, அறிவிப்பாளர் கையில் போட்டிருக்கும் வளையலா? இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தப் பாடம் படுக்கையறைக்கும் பொருந்தும். குறிப்பாக, சிபேப் கருவி வைத்திருக்கும் படுக்கையறைக்கு.

சிபேப் இப்போது நம் வீடுகளில் பழகிய பெயராகிவிட்டது. சிலருக்குத் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று போகும் வழி அடைபடும். 10 விநாடி, சில சமயம் அதற்கு மேலும் மூச்சு நிற்கும். பிறகு திணறலோடு தொடங்கும். ஓர் இரவில் இது பலமுறை நடந்தால் பகலெல்லாம் சோர்வு, ஏறும் இரத்த அழுத்தம், காரோட்டும்போது செருகும் கண்கள். சிபேப் கருவி அறைக் காற்றை இழுத்து, சீரான அழுத்தத்தில் மாஸ்க் வழியாக அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது.

இதை 1980இல் உருவாக்கியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். முதல் கருவிக்கு அவர் பயன்படுத்தியது வேக்கம் கிளீனர் மோட்டாரை. அதன் இரைச்சலை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். இன்றைய கருவிகள் பலவற்றின் ஒலி 30 டெசிபலுக்கும் கீழே, கிட்டத்தட்டக் காதோடு பேசும் கிசுகிசுப்பு அளவுதான். குறட்டையோ 50, 60 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். கணக்குப்படி கருவி வந்ததும் வீடு அமைதியாகியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அப்பாவுக்குக் கருவி வந்த மூன்றாவது வாரம், அம்மா தலையணையோடு ஹாலுக்கு வந்துவிட்டார். "குறட்டையே தேவலாம் போல இருக்கும்மா. அது பழகின சத்தம். இது பாம்பு சீறுற மாதிரி இருக்கு" என்றார். அம்மாவை நினைத்து அப்பாவும் சில இரவுகளில் மாஸ்க்கைப் போடாமல் படுக்கத் தொடங்கினார். எனக்குக் கவலை தந்தது அதுதான். சத்தத்தால் தூக்கம்தான் கெடும். மாஸ்க் இல்லாத இரவில் அப்பாவின் மூச்சு மறுபடியும் நின்று நின்று வரும்.

ஓர் இரவு விளக்கை அணைத்து, விசிறியையும் ஏர்கோனையும் நிறுத்திவிட்டு, அப்பாவை மாஸ்க்கோடு படுக்க வைத்துப் பத்து நிமிடம் கேட்டேன். பிறகு ஏர்கோனைப் போட்டுவிட்டு நள்ளிரவில் ஒருமுறை கேட்டேன். அம்மா சொன்ன அந்த 'ஒரு' சத்தம் உண்மையில் மூன்று சத்தங்கள்.

'உஸ்ஸ்' என்று சீறினால்

மாஸ்க்கின் முன்பக்கத்தில் இருக்கும் சிறு துளைகளிலிருந்து மென்மையாக, ஒரே சீராக வரும் ஒலி பிழையல்ல. நாம் வெளியேற்றும் கரியமில வாயு போகும் வழி அது. அந்தத் துளைகளை டேப் ஒட்டியோ துணி வைத்தோ ஒருபோதும் அடைக்காதீர்கள். அந்தக் காற்று பக்கத்தில் படுப்பவர் முகத்தில் அடித்தால், படுக்கும் பக்கத்தை மாற்றிப் பாருங்கள்.

கன்னத்தோரம், கண்ணருகே, மூக்கின் அடியில் விட்டுவிட்டுச் சீறினால் அது கசிவு. பெரும்பாலான வீடுகளில் 'மிஷின் சத்தம்' என்று சொல்லப்படுவது இதுதான். பலர் உடனே பட்டையை இறுக்குவார்கள். இறுக்கினால் சிலிக்கோன் மடிந்து கசிவு இன்னும் கூடும். கருவியை ஓடவிட்டு, படுத்த நிலையில் பட்டைகளைச் சரிசெய்யுங்கள். உட்காரும்போது உள்ள முக வடிவம் படுத்தால் மாறிவிடும். சிலிக்கோன் பகுதியை மிதமான சோப்பு நீரில் தினமும் கழுவுங்கள். படுக்கும்முன் முகத்தில் எண்ணெயோ கிரீமோ வேண்டாம்.

அப்பாவிடம் குற்றவாளி அவருடைய மீசை. அதை எடுக்கச் சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. கிளினிக்கில் கேட்டு, மூக்குத் துவாரத்தோடு பொருந்தும் சிறிய வகை மாஸ்க்குக்கு மாற்றினோம். சீறல் நின்றது. வாய் திறந்து 'புர்ர்' என்று காற்று வெளியேறினால், தாடைப்பட்டையோ வாயையும் மூடும் மாஸ்க்கோ உதவும். எது பொருந்தும் என்பதை மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்.

'களகள' என்று கேட்டால்

ஏர்கோனை 18 டிகிரியில் வைத்துத் தூங்கும் நம் ஊர் வீடுகளில் இது அதிகம். கருவியின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வெதுவெதுப்பாக வரும் ஈரக்காற்று, குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது. குளிர்பானக் குவளையின் வெளியே வியர்ப்பது போலத்தான். அந்த நீர் குழாயின் வளைவில் தேங்கிக் களகளக்கும், சில நேரம் மூக்கிலும் தெறிக்கும்.

ஏர்கோனை 24, 25க்கு ஏற்றுங்கள். ஈரப்பதத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். சூடேற்றும் குழாய் சில கருவிகளுக்குக் கிடைக்கிறது. அம்மா, அப்பாவின் பழைய கைலியை இரண்டாக மடித்துக் குழாய்க்கு உறை தைத்தார். குழாய் கட்டில் தலைமாட்டில் உரசும் 'சரசர' சத்தமும் அதோடு போனது.

'ங்ங்ங்' என்று ரீங்கரித்தால்

கருவியைக் கையால் சற்றுத் தூக்கிப் பாருங்கள். ரீங்காரம் குறைந்தால் தப்பு மேசையிடம். உள்ளே வெற்றிடம் உள்ள மர மேசை, மேளம் போல அதிர்வைப் பெருக்கும். ஒரு துண்டு ரப்பர் பாயைக் கருவிக்கு அடியில் வையுங்கள். முடிந்தால் கட்டிலைவிடத் தாழ்வான முக்காலிக்கு மாற்றுங்கள். காதிலிருந்து தூரம் கூடும், குழாயில் தேங்கும் நீரும் தொட்டிக்கே இறங்கிவிடும். இடம் மாற்றும்முன் தொட்டியிலுள்ள தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மோட்டாருக்குள் போய்விடும்.

தூக்கியும் குறையவில்லையா? வடிகட்டியைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் மோட்டார் திணறும். மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்றுங்கள். புகைமூட்டக் காலத்திலும், வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடும் வீட்டிலும் இன்னும் அடிக்கடி பாருங்கள்.

மூன்றையும் சரிசெய்த மறுவாரம் அம்மா அறைக்குத் திரும்பினார். அப்பாவும் தவறாமல் மாஸ்க் போடுகிறார்.

செய்யக் கூடாதவை

கருவியைப் போர்வையால் மூடுவதும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதும் வேண்டாம். அதற்குக் காற்று வேண்டும், சூடும் வெளியேற வேண்டும். திறந்து பஞ்சு அடைக்கும் யோசனையும் வேண்டவே வேண்டாம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகள் பலவற்றை உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்ததன் காரணமே, மோட்டார் ஒலியை அடக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து, அதன் துகள்கள் மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பதுதான். உங்களிடம் இருப்பது அந்தக் காலத்துக் கருவி என்றால், வரிசை எண்ணைச் சொல்லி விற்பனையாளரிடம் விசாரித்துவிடுங்கள்.

சத்தம் குறையட்டும் என்று காற்றழுத்தத்தை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். அது மருத்துவர் உங்கள் தொண்டைக்காக நிர்ணயித்த அளவு. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் வசதி பல கருவிகளில் உண்டு. அதைக் கேட்டுப் பெறலாம். திடீரெனக் கரகரவென்று புதுச் சத்தம் வந்தால், அது கடைக்குப் போக வேண்டிய கருவி.

இவ்வளவும் செய்து, மிச்சமிருக்கும் மெல்லிய ஒலி மட்டும் உறுத்துகிறது என்றால், விசிறியை ஓடவிடுங்கள். அதன் ஒரே சீரான ஓசையில் அது கரைந்துவிடும். பக்கத்தில் படுப்பவருக்கு மருந்துக் கடையில் விற்கும் காதடைப்பான் போதும்.

மாஸ்க் போட்டவருக்குத் தன் கசிவு எங்கே என்று சரியாகத் தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் அது நன்றாகக் கேட்கும். ஆகவே கருவியை அணைக்கச் சொல்வதற்கு முன், அல்லது தலையணையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவதற்கு முன், இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கேளுங்கள். சீறுகிறதா, களகளக்கிறதா, ரீங்கரிக்கிறதா என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது, "சத்தமா இருக்கு டாக்டர்" என்பதைவிட அந்த ஒரு வரி அவருக்கு அதிகம் சொல்லும்.