காரை 'ரீமேப்' செய்தால் பவர் கூடும்... ஆனா இன்ஜின் தாங்குமா? இ20 பெட்ரோல் காலத்தில் தெரிஞ்சுக்க வேண்டியவை!

"லேப்டாப்பை கனெக்ட் பண்ணா போதும், காரோட பவர் எகிறிடும்" என்று சொல்லும் ரீல்ஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்னொரு பக்கம், பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதை எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. அதாவது, ரீமேப் ஆசை இருந்தால் இந்தப் பெட்ரோலை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ரீமேப்னா என்ன?

எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், ஸ்பார்க் எந்த நொடியில் விழ வேண்டும் என்பதை முடிவு செய்வது இசியு என்ற குட்டி கம்ப்யூட்டர். அதில் உள்ள அட்டவணைகள்தான் 'மேப்'. அதை மாற்றி எழுதுவதுதான் ரீமேப்.

டர்போ, சூப்பர்சார்ஜர் இரண்டுமே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும். டர்போவைச் சுழற்றுவது புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது பெரும்பாலும் இன்ஜினில் இருந்து வரும் பெல்ட். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், பவரும் கூடும். கூடவே அழுத்தமும் சூடும் ஏறும். சிக்கல் இங்கேதான்.

ஸ்பார்க் முந்தினால் என்ன ஆகும்?

பெட்ரோல் எரிய கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே ஸ்பார்க் விழும். ஓரளவுக்கு முந்தினால் பவர் கூடும். ரொம்ப முந்தினால், தீ போய்ச் சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். 'டக் டக்' என்று கேட்கும் நாக்கிங் இதுதான். பூஸ்ட் அதிகமாக இருக்கும்போது இது தொடர்ந்தால் பிஸ்டனே உடையலாம்.

கத்திரி வெயில், மலைப்பாதை, சுமாரான பெட்ரோல் என எல்லாவற்றையும் யோசித்துத்தான் கம்பெனி கொஞ்சம் இடம் விட்டு டைமிங்கை செட் செய்கிறது. ரீமேப்பில் கிடைக்கும் பவரில் பெரும்பகுதி அந்தப் பாதுகாப்பு இடைவெளியைச் சுருக்கித்தான் வருகிறது.

நாக் சென்சார் இருக்கே? இருக்கிறது. ஆனால் நாக்கிங் தொடங்கிய பிறகுதான் அது டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். அதன் உணர்திறனைக் குறைத்து ரீமேப் செய்துவிட்டால் அதுவும் கைகொடுக்காது.

இ20 நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 91. இ20-யில் அது 95. எத்தனால் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றையும் குளிர்விக்கும். இதனால் நாக்கிங் குறையும், டைமிங்கை முந்தவைக்க இடம் கிடைக்கும்.

ஆனால் பெட்ரோல் அளவு மாறுகிறது. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று தேவை. இ20-க்கு சுமார் 13.5 கிலோ போதும். அதாவது, அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைச் சரிசெய்துவிடும். பூஸ்ட்டை ஏற்றி முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது இன்ஜெக்டரோ பம்ப்போ திணறினால் பெட்ரோல் பற்றாமல் போய் சூடு எகிறும். வேறு நாட்டுப் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலை அப்படியே ஏற்றினால் ஆபத்து இன்னும் அதிகம்.

மைலேஜ் திரும்ப வருமா?

முழுசா வராது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இ10-க்கு டியூன் செய்த பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என நிதி ஆயோக் அறிக்கையே 2021-இல் சொன்னது. டைமிங்கை மாற்றி இதில் கொஞ்சத்தை மட்டுமே மீட்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த, ஆர்சி-யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். வாரண்டியும் இன்சூரன்ஸ் க்ளெய்மும் மறுக்கப்படலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* இந்த மேப் இ20-க்கு எழுதியதா?
* முழு பூஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளந்து காட்டுவீர்களா?
* நாக் சென்சார் வேலையில் கை வைத்திருக்கிறீர்களா?
* பழைய ஃபைலை பத்திரமாக எடுத்துத் தருவீர்களா?

இதில் ஒன்றுக்குக்கூட தெளிவான பதில் வரவில்லை என்றால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவதே நல்லது.